ஓரூரில் திரண்ட தொழிலும் சரக்கு நடக்கும் வழியும்



ஒரு சரக்கு மூலப்பொருளாகப் புறப்பட்டு வாங்குவோர் கையைச் சேரும்வரை கடந்து வரும் வழி முழுவதையும் ஒன்றாக நோக்கி, எங்கே தாமதம், எங்கே வீண்செலவு, எங்கே முட்டுப்பாடு என்று கணக்கிட்டு நடத்துகிற வித்தையை இந்நாளில் விநியோகச் சங்கிலி நிர்வாகம் என்கிறார்கள். அதைக் கற்பிக்கும் நூல்களில் பெரும்பாலானவை ஒரு தனி நிறுவனத்தின் மேலாளர் அறையில் உட்கார்ந்துகொண்டு எழுதப்பட்டவை. சரக்குத் தருவோர் எங்கோ இருப்பார்கள், வாங்குவோர் வேறெங்கோ இருப்பார்கள், இடையில் கிடங்கும் லாரியும் கப்பலும் கணினியும் இருக்கும். ஆனால் சரக்குத் தருகிறவனும், அதை வாங்கி மாற்றுரு கொடுக்கிறவனும், அவனுடைய போட்டியாளனும், அவனுக்குக் கடன் கொடுத்தவனும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே தெருவில் குடியிருந்தால் அந்த வித்தை என்ன ஆகிறது? இன்று என்னைப் பேசப் பணித்திருக்கும் விஷயம் அதுதான்.

இதற்கு உதாரணம் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. கொங்கு நாடே இத்தகைய தொழில் திரள்களால் ஆகிய ஒரு பிரதேசம் என்று சொல்லலாம். கோயம்புத்தூரில் பம்ப் செட்டும் கிரைண்டரும், கரூரில் வீட்டு உபயோகத் துணி வகைகளும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும், நாமக்கல்லில் முட்டையும் லாரியும் என்று ஊருக்கொரு தொழில் வேரூன்றியிருக்கிறது. இவற்றுள் திருப்பூரையே நான் இன்று எடுத்துக்கொள்கிறேன். அவ்வூரின் பின்னலாடைத் தொழிலில் இந்த விஷயத்தின் அனுகூலமும் பிரதிகூலமும் வேறெங்கும் காணக் கிடைக்காத தெளிவுடன் வெளிப்பட்டிருக்கின்றன. (அதே திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்தில் பித்தளைப் பாத்திரத் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருவதை வெளியூர்க்காரர் பலர் அறியார்; பனியன் என்ற பெருமரத்தின் நிழலில் அது மறைந்துவிட்டது.)

ஒரே தொழில் செய்வோர் ஓரிடத்தில் ஏன் கூடுகிறார்கள் என்ற கேள்விக்கு முதலில் ஒழுங்கான விடை கூறியவர் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் ஆல்பிரட் மார்ஷல். 1890-இல் வெளியான தமது பொருளியல் நூலில், ஷெபீல்டின் கத்தித் தொழில் போன்றவற்றைக் கருத்தில் கொண்டு, மூன்று காரணங்களை அவர் எடுத்துரைத்தார்: கைதேர்ந்த தொழிலாளர் அங்கே எப்போதும் கிடைப்பர், கருவிகளும் உதிரிப் பொருள்களும் தருகிற துணைத் தொழில்கள் பக்கத்திலேயே முளைக்கும், தொழில் நுணுக்கம் எவருடைய தனிச் சொத்தாகவும் இராமல் ஊரார் அனைவருக்கும் பரவும். நூறாண்டு கழித்து, 1990-இல், அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் தேசங்களின் போட்டித் திறனை ஆராய்ந்த நூலில் இக்கருத்துக்குப் புத்துயிர் கொடுத்த பிறகு, உலகெங்கும் அரசாங்கங்கள் கிளஸ்டர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டன. கட்டடம் கட்டி, பெயர்ப்பலகை மாட்டி, கிளஸ்டரைத் திறந்து வைத்துவிடலாம் என்று நம்புகிற அதிகாரிகளும் அப்போது தோன்றினார்கள். அவர்களைப் பற்றிப் பேச இன்று அவகாசமில்லை.

திருப்பூரின் பூர்வ சரித்திரத்தை விரிவாகச் சொல்லப் போவதில்லை. உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் செய்துகொண்டிருந்த ஊர், 1970களின் இறுதியில் இத்தாலியிலிருந்தும் பின்னர் பிற ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் வந்த ஆர்டர்களைக் கைப்பற்றி, வண்ணச் சட்டைகளை ஏற்றுமதி செய்யும் ஊராக மாறிற்று. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றிற்று. இன்று ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் மதிப்புள்ள ஆடைகள் அங்கிருந்து வெளிநாடு செல்கின்றன. இவ்வளவு பெரிய வியாபாரத்தை நடத்துகிறவர்களிற் பெரும்பாலோர் மிகச் சிறியவர்கள் என்பதும், ஒரு சட்டையை முழுவதும் தம் கூரையின் கீழேயே செய்து முடிப்பவர் அவர்களுள் சிலரே என்பதுமே நாம் கவனிக்க வேண்டியவை.

ஓர் ஆர்டர் அவ்வூரில் எவ்வாறு நடக்கிறது என்று பாருங்கள். ஏற்றுமதியாளர் நூல் வாங்குகிறார். அது சுற்றுவட்டாரத்து நூற்பாலை ஒன்றிலிருந்து கோன்களாக வந்து நிட்டிங் கூடத்தில் இறங்குகிறது. அங்கே வட்ட இயந்திரத்தில் பின்னப்பட்ட, சாயமேறாத கிரே துணி ரோல்களாகக் குட்டியானை வண்டியில் ஏறிச் சாய ஆலைக்குப் போகிறது. சாயமேறி உலர்ந்த துணி, சுருக்கத்தை நிலைப்படுத்துவதற்காகக் காம்பாக்டிங் செய்யும் இடத்துக்குப் போகிறது. பிறகு கட்டிங் மேசைக்கு வருகிறது. வெட்டிய துண்டுகளில் மார்புப் பகுதி மட்டும் பிரிண்டிங் பட்டறைக்கோ எம்பிராய்டரிக்கோ போய்த் திரும்புகிறது. ஓவர்லாக், பேட்லாக் இயந்திரங்களில் தைக்கும் வேலையைப் பவர் டேபிள் கான்ட்ராக்டர் ஏற்கிறார். லேபிளும் பொத்தானும் பாலிபேக்கும் அட்டைப் பெட்டியும் தனித்தனிக் கடைகளிலிருந்து வருகின்றன. செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிந்தபின் லாரி ஓரிரவு ஓடித் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைகிறது. இத்தனை கைமாற்றங்களும் ஜாப் ஒர்க் என்ற ஒரே சம்பிரதாயத்தின் கீழ், பெரும்பாலும் ஒரு டெலிவரி சலானும் ஒரு தொலைபேசி அழைப்புமே சாட்சியாக நடந்தேறுகின்றன.

நெருக்கம் என்பது எப்படிப் பயன்படுகிறது என்று காண ஒரு சிறு காரியத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு சட்டையின் உடல் துணியும் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியும் வெவ்வேறு பின்னல். ஆகையால் ஒரே சாயத்தை இரண்டும் ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. கம்பெனியின் மெர்ச்சண்டைசர் இரண்டையும் வெளிச்சப் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறார். பகல் வெளிச்சத்துக்கு ஒப்பான விளக்கில் இரண்டும் ஒரே நீலம். ஐரோப்பியக் கடைகளில் எரியும் விளக்கை ஒத்த குழலைப் போட்டதும் ரிப் சற்றே சிவப்பு தட்டுகிறது. ஆயிரம் மைலுக்கு அப்பால் சாயம் போடும் வியாபாரமாயிருந்தால், துண்டுகளை உறையிலிட்டுக் கூரியரில் அனுப்பி, அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் வாதாடி, மறு சாம்பிள் வந்து சேர ஒரு வாரம் கழிந்திருக்கும். இங்கோ, இரு துண்டுகளையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் இருசக்கர வண்டியில் புறப்படுகிறார். அரை மணியில் சாய ஆலையில் நிற்கிறார். டையிங் மாஸ்டர் துணியை விரலால் நிமிண்டிப் பார்த்து, வந்தவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், எந்தச் சாயத்தில் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று தம் ஆளிடம் சொல்கிறார். மறுநாள் காலையில் திருத்திய ரிப் கட்டிங் மேசைக்கு வந்துவிடுகிறது. இந்த அரை மணி நேரப் பிரயாணத்துக்கு எந்தப் புத்தகத்திலும் பெயரில்லை. எந்தக் கணக்கேட்டிலும் இது வரவாக எழுதப்படுவதில்லை. ஆயினும் கெடு தவறிய சரக்கை விமானத்தில் அனுப்ப நேரும்போது கொடுக்கும் ஏர் பிரைட் என்னும் கட்டணம் எத்தனை சிறு கம்பெனிகளின் லாபத்தை ஒரே விழுங்காக விழுங்கியிருக்கிறது என்று அறிந்தவர்கள், அந்த அரை மணியின் விலையையும் அறிவார்கள்.

இதிலிருந்து பிறக்கும் முதல் விளைவு கையிருப்பைப் பற்றியது. தொலைவிலிருந்து சரக்கு வரவழைக்கிறவன் தாமதத்துக்கு அஞ்சி அதிகமாக வாங்கிக் குவித்து வைக்கிறான். அக்குவியலில் அவனுடைய முதல் முடங்கிக் கிடக்கிறது. திரளுக்குள் இருப்பவனுக்கு அந்த அச்சம் குறைவு. நூலோ, ஊசியோ, லேபிளோ, தையற்காரரோ குறைந்தால் ஊரில் எங்கோ இருக்கும். தயிருக்கு உறைமோர் இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் இருக்கும் தெருவைப் போல, ஒவ்வொரு கம்பெனியும் மற்றக் கம்பெனிகளின் இருப்பையே தன் இருப்பாக எண்ணித் தொழில் செய்கிறது. பால் தெருவுக்கே வராத நாளில் என்ன செய்வது என்று ஒருவரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. தனி நிறுவனத்தின் கிடங்கு சிறுக்க, ஊரே பொதுக் கிடங்காகிறது. அந்தப் பொதுக் கிடங்கின் சாவி எவரிடம் இருக்கிறது என்ற கேள்வியே இந்தச் சொற்பொழிவின் உயிர்நாடி.

சாவியைப் பற்றிப் பேசுமுன், கடனைப் பற்றி இரண்டு வார்த்தை. சலானும் தொலைபேசியும் கொண்டே இவ்வளவு பெரிய வியாபாரம் நடப்பதற்குப் பரஸ்பர நம்பிக்கை காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அந்த நம்பிக்கைக்கு உறவும் சாதியும் ஊரும் அடிப்படையாக இருந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை முழுமை பெறும். கைவன் முன்ஷியும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் திருப்பூர் நிறுவனங்களை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விசித்திரமான விஷயம் வெளிப்பட்டது. உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தார் நடத்திய நிறுவனங்களில் முதலீடு அதிகம். வெளியிலிருந்து வந்து தொழில் தொடங்கியவர்களின் முதலீடு குறைவு. ஆனால் வெளியார் நிறுவனங்களின் உற்பத்தியே வேகமாக வளர்ந்து காலப்போக்கில் உள்ளூராரை முந்தியது. திறமை எங்கே அதிகமோ அங்கே பணம் போய்ச் சேரவில்லை, பழக்கம் எங்கே அதிகமோ அங்கே போய்ச் சேர்ந்தது என்பதே இதன் தாத்பரியம். சரக்கை மிக விரைவாக நடத்துகிற அதே நெருக்கம் பணத்தைக் கோணலாகவும் நடத்தக்கூடும். திரளின் பெருமையைப் பாடும் பலரும் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதேயில்லை.

வாங்குகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொரு காட்சி தோன்றும். வெளிநாட்டுக் கொள்முதல்காரரின் பிரதிநிதி ஒரு விடுதியில் தங்கிக்கொண்டு, ஒரே நாளில் நாலைந்து கம்பெனிகளுக்குப் போய் வரலாம். காலையில் ஒருவர் சொன்ன விலையை மாலையில் மற்றொருவரிடம் சொல்லிக் குறைக்கலாம். இவர் மறுத்தால் அடுத்த வளாகத்தில் அவர் ஒப்புக்கொள்வார் என்பது இருவருக்கும் தெரியும். தொழில் நுணுக்கம் ஊரெங்கும் பரவுகிறது என்று மார்ஷல் மகிழ்ந்தார். விலையும் அவ்வாறே பரவுகிறது. ஆகவே திரளின் சிக்கனத்தால் விளைந்த லாபத்தில் பெரும்பகுதி திரளுக்குள் தங்காமல், லண்டனிலும் நியூயார்க்கிலும் கடை வைத்திருப்பவரிடம் போய்ச் சேருகிறது. இறுகிய விலையில் கழிவைச் சுத்திகரிக்கும் செலவுக்கு இடமில்லாமற் போனால் நேரும் விபரீதத்தைத் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு நமக்குக் காட்டிற்று.

பருத்தித் துணிக்கு இடும் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், கொஞ்சநஞ்சமன்று, ஏராளமாக. சாயம் முடிந்ததும் அந்த உப்புநீர் வெளியே போக வேண்டும். பல ஆண்டுகளாக அது நொய்யலுக்குப் போயிற்று. பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறிற்று. கீழ்மடை விவசாயிகளின் கிணறுகள் கரித்தன, தென்னை சாய்ந்தது, அவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, உத்தரவுகள் பிறந்து, கெடுக்கள் நீட்டிக்கப்பட்டு, கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறையை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூடிவிட வேண்டுமென்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பான உத்தரவு பிறப்பித்தது. 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன.

இங்கேதான் நம் விஷயத்தின் மர்மம் அடங்கியிருக்கிறது. நின்றது ஒரு கண்ணி மட்டுமே. நிட்டிங் இயந்திரங்களுக்கு ஒரு குறையும் இல்லை, தையற்காரர்கள் ஊரில்தான் இருந்தார்கள், ஆர்டர்களும் இருந்தன. ஆனால் பின்னிய துணிக்குப் போக இடமில்லை, வெட்டும் மேசைக்கு வரத் துணியில்லை. ஈரோட்டுக்கும் பெருந்துறைக்கும், அப்பால் வடநாட்டு ஊர்களுக்கும் துணியை லாரியில் அனுப்பிச் சாயமேற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள். கட்டணமும் ஏறிற்று, நாளும் கூடிற்று, ரிப் நிறம் ஒத்துவராவிட்டால் வண்டியில் போய் நிற்கிற அந்த அரை மணி நேர வசதியும் போயிற்று. ஒரு கம்பெனியின் சாய ஆலை மட்டும் பழுதாகியிருந்தால் ஊர் அதைத் தாங்கியிருக்கும், ஒருவரும் கவனித்தே இருக்கமாட்டார்கள். எல்லாருடைய ஆலைகளும் ஒரே ஆற்றை நம்பியிருந்தபடியால், ஒருவருக்கு மாற்றாக இன்னொருவர் என்ற ஏற்பாடே அர்த்தமற்றுப் போயிற்று. ஆயிரம் தனி நிறுவனங்கள் இருப்பதாகத் தோன்றிய இடத்தில், ஆற்றைப் பொறுத்தவரை ஒரே ஒரு நிறுவனம்தான் இருந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியை ஜப்பானிலிருந்து சொல்ல அனுமதியுங்கள். டொயோட்டா நிறுவனத்தைச் சூழ்ந்து ஐச்சி மாகாணத்தில் மோட்டார் உதிரி பாகத் தொழில் திரண்டிருக்கிறது. அங்கே கரியா நகரத்தில் ஐசின் என்ற நிறுவனத்தின் ஆலையொன்று 1997 பிப்ரவரி 1 அன்று தீக்கிரையாயிற்று. பிரேக் அமைப்பில் அழுத்தத்தைச் சீராக்கும் கையடக்கமான ஒரு வால்வை, டொயோட்டாவின் தேவை அத்தனைக்கும் ஏறக்குறைய அந்த ஓர் ஆலையே செய்து வந்தது. சரக்கைக் குவித்து வைக்காமல் வேளைக்கு வேளை வரவழைப்பதே டொயோட்டாவின் பிரசித்தி பெற்ற முறையாதலால், கையிருப்பு சில மணி நேரத்துக்கே காணும். சில நாட்களில் டொயோட்டாவின் தொழிற்சாலைகள் அநேகமாக எல்லாம் நின்றுவிட்டன. ஆனால் ஒரு வாரத்துக்குள் அவற்றுள் பெரும்பாலானவை திரும்ப ஓடின! ஏறத்தாழ 200 நிறுவனங்கள் கைகோத்து, ஐசின் கொடுத்த வரைபடங்களை வைத்துக்கொண்டு, தத்தம் பட்டறையில் கிடைத்த இயந்திரங்களிலேயே அந்த வால்வைச் செய்யத் தொடங்கின. தையல் இயந்திரம் செய்கிற பிரதர் நிறுவனம்கூட, மோட்டார் உதிரி பாகமே செய்து அறியாதது, அவ்வேலையில் இறங்கிற்று. விலை பேசிக்கொண்டு ஒருவரும் உட்காரவில்லை. நெருக்கடி தீர்ந்தபின் செலவைத் தீர்த்ததோடு, உதவிய நிறுவனங்களுக்கு டொயோட்டா தன் நன்றியைப் பணமாகவும் தெரிவித்தது.

கரியாவில் உதவியதும் நெருக்கம், திருப்பூரில் கெடுத்ததும் நெருக்கம் என்றால் வேற்றுமை எங்கே? ஜப்பானியர் ஒற்றுமை மிக்கவர், நாம் அப்படியில்லை என்ற சோம்பேறி விடையை நான் ஏற்கமாட்டேன். வேற்றுமைகள் இரண்டு. அங்கே எரிந்தது ஓர் ஆலை. மற்றவர்களின் இயந்திரங்கள் எரியவில்லை. இங்கே நின்றது எல்லாருக்கும் பொதுவான ஓர் ஆதாரம். பேரிடர் எல்லாரையும் ஒருசேரத் தாக்கினால் ஜப்பானியத் திறமையும் பயன்படாது. 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து அயுத்தயா வட்டாரத் தொழிற்பேட்டைகள் மூழ்கியபோது, கணினிக்கு வேண்டிய ஹார்ட் டிஸ்குகள் உலகம் முழுவதும் தட்டுப்பட்டு விலையேறியதே இதற்குச் சாட்சி. அங்கே நஷ்டப்பட்டவர்களில் ஜப்பானிய நிறுவனங்கள் பல. இரண்டாவது வேற்றுமை இதைவிட முக்கியமானது. கரியாவில் முழுச் சங்கிலிக்கும் பொறுப்பேற்ற ஒரு பெரிய வாங்குநர், கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருந்தார். ஐசின் விழுந்தால் தாமும் விழுவோம் என்பது அவருக்குத் தெரியும். திருப்பூரின் வாங்குநர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். திருப்பூர் நின்றால் டாக்காவுக்கோ வியட்நாமுக்கோ ஒரு மின்னஞ்சல் அனுப்புவதோடு அவருடைய சிரமம் தீர்ந்தது.

பிற இடையூறுகளைச் சுருக்கமாகவே சொல்லிச் செல்கிறேன். பஞ்சு விலை ஒரு கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய 2022 மே மாதத்தில், நூல் விலையேற்றத்தைக் கண்டித்து ஊரே இரண்டு நாள் கடையடைத்தது. ஊர் முழுவதும் ஒரே மூலப்பொருளை நம்பியிருந்தால் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லலாமே தவிரக் கைமாற்றுத் தர இயலாது. உலகச் சந்தை செயற்கை இழை ஆடைகளை விரும்பும் காலத்தில், பருத்திக்கென்றே அமைந்த இயந்திரங்களும் சாயமுறையும் கைப்பழக்கமும் திரும்ப மறுக்கின்றன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபின், பீகாருக்கும் ஒடிசாவுக்கும் திரும்பிய தொழிலாளிகளின் வெற்று அறைகளைக் கண்டபோதுதான், சங்கிலியின் ஒரு கண்ணி ரயில் பாதையின் அந்தக் கோடி வரை நீண்டிருப்பது பலருக்கு விளங்கிற்று. செங்கடல் வழி அபாயமாகி, 2023 இறுதி முதல் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோது, ஊருக்குள் அரை மணி அரை மணியாகச் சேமித்த காலமெல்லாம் கடலில் இரண்டு வாரமாகக் கரைந்தது. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா விதித்த 50 சதவீத வரியைப் பற்றி இச்சபையில் நான் விளக்க வேண்டியதில்லை.

திரும்பவும் சாவிக்கு வருவோம். 2011-க்குப் பின் திருப்பூர் செய்த காரியத்தை நான் அதன் ஏற்றுமதித் தொகையைவிடப் பெரிதாக மதிக்கிறேன். சாய ஆலைகள் பல சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தின. அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடனும் உதவிற்று. சவ்வுகளால் நீரைப் பிரித்து, எஞ்சியதைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மீட்டு மறுபடி சாயத்துக்கே அனுப்பும் முறை ஒரு வருஷம் இரண்டு வருஷமாகச் சிறிது சிறிதாக நிலைபெற்றது. தனி நிறுவனம் எதனாலும் செய்ய முடியாத இதனைத் திரள் செய்தது. பக்கத்துப் பட்டறைக்காரன் போட்டியாளன் என்ற உணர்ச்சி குழாயைப் பொறுத்தவரையில் மாத்திரம் ஒத்திவைக்கப்பட்டது. பொதுக் கிடங்குக்கு ஒரு சாவி உண்டாயிற்று என்று அதைச் சொல்லலாம்.

ஆனால் அதன் செலவு? கொதிகலனுக்கு விறகும், பம்புக்கு மின்சாரமும், தேய்ந்த சவ்வுக்கு மாற்றும் வேண்டும். மறுபயனுக்கு ஒத்துவராத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் குவிகிறது. இவை யாவும் ஒரு கிலோ துணிக்கு இவ்வளவு என்று சாயக் கூலியில் ஏறுகின்றன. சாய ஆலைக்காரர் அதை ஏற்றுமதியாளரிடம் கேட்கிறார்; ஏற்றுமதியாளர் வாங்குநரிடம் கேட்கத் தயங்குகிறார், கேட்டால் அடுத்த வளாகத்துக்குப் போய்விடுவாரே என்ற பயம். சுற்றுச்சூழல் தர்மத்தைப் பற்றி அழகிய அறிக்கைகள் அச்சிடும் கம்பெனிகள், சட்டையின் விலையில் அதற்கென்று ஒரு காசைத் தனியே எழுதுவதில்லை. ஆகையால் என் அபிப்பிராயம் இதுதான்: சுத்திகரிப்புக் கட்டணம் பேரம் பேசும் விலைக்குள் அடங்காமல், சரக்குக் கட்டணத்தைப் போல் பில்லில் தனி வரியாக நிற்க வேண்டும், ஊரிலுள்ள ஏற்றுமதியாளர் அனைவரும் ஒரே விகிதத்தில் அதை எழுத வேண்டும். ஒருவர் மாத்திரம் எழுதினால் அவர் ஆர்டரை இழப்பார்; அனைவரும் எழுதினால் வாங்குநர் முணுமுணுத்துக்கொண்டு கொடுப்பார். விலைப் போட்டி விதிகள் இதற்கு எவ்வளவு தூரம் இடம் கொடுக்கும் என்பதைச் சட்டம் அறிந்தவர்கள் ஆராய வேண்டும். சங்கம் தீர்மானிப்பதா, அரசாங்கம் விதிப்பதா என்பதிலும் கருத்து வேற்றுமைக்கு இடமுண்டு. இந்த அவையில் சாய ஆலை நடத்துகிற அன்பர்கள் சிலர் முன்வரிசையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். ஒரு கிலோவுக்கு எவ்வளவு ஆகிறது, அதில் எவ்வளவு வசூலாகிறது என்பதை என்னைவிட அவர்கள் துல்லியமாகச் சொல்லக்கூடியவர்கள். தலைவர் அவர்கள் எனக்கு அளித்த நேரத்தில் கால் மணி மிச்சமிருக்கிறது. அதை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அமர்கிறேன்.